முதியோரின் புராஸ்டேட் புற்று: கத்தியா, ஊசியா?

வயதானவருக்கு இடுப்பு வலித்தால் வாயு என்பார்கள். இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்தால் வயதின் கோளாறு என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் ஸ்ரீரங்கம் உத்தர வீதித் திண்ணையானாலும் திருச்சி தில்லைநகர் மாடிவீடானாலும், இப்படிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டு மருத்துவரிடம் வரும் சிலருக்கு, புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று நோய் முதுகெலும்பு வரை பரவியிருப்பது தெரிய வருகிறது.

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரியதாக அமைந்துள்ள சுரப்பி இது. இதன் புற்று எலும்பை நாடிச் செல்லும் இயல்புடையது. 'எலும்புக்குப் போய்விட்டது' என்று கேட்டதும் வீட்டார் கைவிட்டுவிடுகின்றனர். இந்நிலையில் நோயை அடியோடு ஒழிப்பது அரிதுதான். ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடியும். எப்படி?

புராஸ்டேட் செல்கள் வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் வேண்டும். புற்றுச் செல்களும் அதை நம்பியே வாழ்கின்றன. நாய்களின் புராஸ்டேட்டை ஆராய்ந்துவந்த சிக்காகோ மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ், 1941இல் இதை நோயாளிகளிடம் மெய்ப்பித்தார். விரைகளை அகற்றியதும் புற்று சுருங்கியது. எலும்பு வலி தணிந்தது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (நாய்க்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.)

உடலிலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விரைகளிலேயே சுரக்கிறது. ஆகவே அறுவை செய்தால் சில மணி நேரத்திலேயே அதன் அளவு வீழ்ந்துவிடும். சிறிய அறுவைதான், ஒரே முறை செலவு. இரண்டாவது வழி ஊசி. விரைகளுக்குக் கட்டளையிடும் மூளை ஹார்மோனின் அமைப்பு 1971இல் கண்டறியப்பட்டதன் பயனாக வந்த மருந்து இது. மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வகை ஊசிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் சில நாட்கள் ஹார்மோனை ஏற்றிவிட்டுப் பிறகே இறக்கும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு அந்த ஏற்றம் ஆபத்தானது. எனவே தடுப்பு மாத்திரைகளை முன்கூட்டியே கொடுப்பர். ஏற்றாமலே இறக்கும் ஊசியும் உண்டு.

நோயை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். பின் ஏன் பலர் கத்தியைக் கண்டு ஒதுங்குகின்றனர்? வெட்கந்தான். எழுபத்தைந்து வயதானாலும் மனம் மனந்தானே! அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆயினும் ஒவ்வொரு ஊசிக்கும் மகனின் விடுமுறையையும் பணத்தையும் எதிர்பார்த்து, ஒரு தவணையைத் தவறவிடக் கூடியவருக்கு அறுவையே நல்லது என்பது என் கருத்து. ஆனால் முடிவு அவருடையது. 'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்' என்று பிள்ளைகள் கையெழுத்திடுவது முறையன்று.

இன்று இதனுடன் மற்றொரு மருந்தும் சேர்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலும் புற்றுச் செல்லிலும் உண்டாகும் எஞ்சிய ஹார்மோனை அபிராடெரோன் மாத்திரை தடுக்கிறது. தொடக்கத்திலேயே இதைச் சேர்த்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2017இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. வழக்கமான அளவு வெறும் வயிற்றில் 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு. நெய்ப்பொங்கல் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் மருந்து பன்மடங்காக இரத்தத்தில் ஏறிவிடும். இதையே சாதகமாக்கி, கொழுப்புக் குறைந்த காலை உணவுடன் ஒரே மாத்திரை கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. நோயின் அளவைக் காட்டும் பி.எஸ்.ஏ. அதிலும் நன்றாகவே குறைந்தது. செலவு கால் பங்காகும். மருத்துவரிடம் கேட்கலாம், தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும்.

மூன்று வாரத்துக்கொரு முறை ஏற்றப்படும் டோசிடாக்செல் மருந்து உடல் தாங்குபவருக்கே. தாங்குமா என்பதை வயதை மட்டும் கொண்டு கூற இயலாது. எண்பது வயதில் கடைத்தெருவுக்கு நடந்து போய்வருபவர் ஒருவர். எழுபதில் இதய நோயால் படுக்கையிலிருப்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே மருத்துவம் பொருந்துமா? ஓரிடத்தில் எலும்பு வலி மட்டும் வாட்டினால், ஒரே ஒரு முறை தரும் கதிர்வீச்சே பலருக்கு வலியைத் தணித்துவிடுகிறது.

ஹார்மோன் குறைவதற்கும் விலை உண்டு. உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும், தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். தினமும் நடப்பதும் சிறு எடைகளைத் தூக்குவதும் நல்லது. அம்மா மண்டபத்தின் ஈரப்படிகளில் மட்டும் துணையின்றி இறங்க வேண்டாம். மெலிந்த எலும்பு ஒரு வழுக்கலுக்குத் தாங்காது.

முதுகுவலியோடு கால்கள் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, தண்டுவடத்தைப் புற்று அழுத்துகிறது என்று ஐயுற வேண்டும். விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே காவிரிப் பாலத்தைக் கடந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்கேனும் சென்றுவிடுங்கள். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னரும் நடக்கிறார்கள். கால் முற்றும் விழுந்தபின் வருவோரில் மிகச் சிலரே எழுகிறார்கள்.