உங்களுக்குத் தெரியுமா? மரமே வீடாகக் கொண்ட போவாக்கள்

பச்சைப் பாம்பு என்றதும் வேலியோரக் கொடிகளில் ஊசி மூக்கோடு நெளியும் நம்மூர் ஒல்லிப் பாம்புதான் நினைவுக்கு வரும். தென் அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஆள் வேறு. தடித்த உடல், அடர் பச்சை நிறம், முதுகில் வெள்ளைக் கீற்றுகள். அதுதான் மரகத மரப் போவா. நஞ்சு கிடையாது. 6 அடி வரை வளரும். அமேசான் வடிநிலத்திலும் அதற்கு வடக்கே கயானா பக்கமும் வாழ்கிறது. இந்த இரண்டு பகுதிப் பாம்புகளும் தனித்தனி இனங்கள் என்று 2009-இல்தான் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

★

பகலில் இந்தப் பாம்பு கிளையின் இருபுறமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியபடி, நடுவில் தலையை வைத்துப் படுத்திருக்கும். கொடியில் போட்ட துண்டுபோல அசைவே இருக்காது. இருட்டியதும் வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு தலையைக் கீழே தொங்கவிடும். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான், மணிக்கணக்காக. உதட்டுச் செதில்களுக்கு இடையே உள்ள குழிகள் வெப்பத்தை உணரும். கும்மிருட்டில் ஓர் எலி அருகே வந்தாலும் அதன் உடல் சூடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

★

நஞ்சில்லாத பாம்புகளில், மரகதப் போவாவுக்கு இருப்பதுபோல் உடலளவுக்கு இவ்வளவு நீளமான முன்பற்கள் இருப்பது அபூர்வம். இறகைத் துளைத்துப் பறவையைப் பிடிக்கத்தான் இந்தப் பற்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் எலி போன்ற சிறு பாலூட்டிகள்தான்.

★

போவா இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தரையில் வாழும் பெரிய போவாவை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. பாம்பு சுற்றி இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. மூச்சு நிற்கும்வரை அது உயிரோடு இருப்பதில்லை.

★

முட்டை அல்ல, குட்டி! மரப் போவாக்கள் குட்டிதான் போடும். மரகதப் போவாவின் குட்டி பிறக்கும்போது செங்கல் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்; வளர வளரத்தான் பச்சையாகும். இதே பச்சை, இதே படுக்கை, இதேபோல் குட்டியில் வேறு நிறம், எல்லாம் அச்சு அசலாக நியூ கினியின் பச்சை மர மலைப்பாம்புக்கும் உண்டு. நடுவே பசிபிக் பெருங்கடலே கிடக்கிறது, நெருங்கிய உறவும் இல்லை. மரத்து வாழ்க்கை இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. மலைப்பாம்பு மட்டும் முட்டையிட்டுச் சுற்றிப் படுத்து அடைகாக்கும்.

★

கிரெனடா தீவின் மரப் போவா சிறுசாக இருக்கும்போது ஒரு வேலை செய்யும். குச்சி நுனியில் தூங்கும் பல்லிகளை இரவில் மெல்ல ஊர்ந்து போய்க் கவ்வும். பெரிதானதும் எலிக்கு மாறிவிடும். அந்த எலிகளோ கப்பலேறித் தீவுக்கு வந்தவை! ஆய்வாளர்களுக்கு இந்தப் பாம்புகளைத் தேடுவது பெரிய வித்தை இல்லை. தலைவிளக்கை அடித்தால் மரத்து மேலே இரண்டு கண்கள் தணல்போல மின்னும்.

★

உலகின் மிக அரிய போவாவும் மரவாசிதான். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்து அட்லாண்டிக் காட்டில் வாழும் குரோப்பானி போவா. 1953-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர் கையில் உயிரோடு ஒன்றுகூடச் சிக்கவில்லை. கிடைத்த ஒருசிலவும் செத்தவை. 2017 ஜனவரியில் செட்டே பாராஸ் என்ற ஊர்ப்பக்கம் ஒன்றைக் கிராமத்தார் கண்டார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? கம்புதான் பேசும். இங்கே அப்படி நடக்கவில்லை. பாம்புகளைப் பற்றி ஆய்வாளர்கள் முன்பே ஊருக்குள் வந்து விளக்கியிருந்ததால், உயிரோடு பிடித்து அவர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். சுமார் 1.7 மீட்டர் நீளம். உடலில் ரேடியோ கருவி பொருத்தி, மறுபடி காட்டிலேயே விட்டார்கள். இத்தனை ஆண்டு தேடியும் கிடைக்காததை ஊர்க்காரர்களின் கண்தான் காட்டிக்கொடுத்தது. என்னைக் கேட்டால், இந்தப் பத்தியிலேயே பெரிய செய்தி இதுதான்.

★

நம் நாட்டில் மரப் போவா இல்லை. ஆனால் போவாக்களின் சொந்தக்காரர் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார்: மண்ணுளிப் பாம்பு. 'இருதலைப் பாம்பு' என்று சொல்லி லட்சக்கணக்கில் விலைபேசும் மோசடிக் கும்பலுக்கு இரையாவது இதுவேதான். அதற்கு ஒரே தலைதான். இன்னொன்று மொட்டை வால். மந்திர சக்தி, மருத்துவ குணம் எதுவும் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது பேரம் பேசி வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.