புதிய டேப்லெட் வாங்கும் முன்

வீட்டு டேப்லெட் பழுதடைந்து மாற்று வாங்கும்போது விலையையும் திரை அளவையுமே முதலில் பார்க்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை வரும்?

புதுப்பிப்பு நின்ற பின்னும் சாதனம் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்படுவதில்லை. நாளடைவில் வங்கிச் செயலிகளும் பழைய இயங்குதளத்தில் செயல்படாமற்போகலாம். இக்காலக்கெடு பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. எனவே, பெருந்தள்ளுபடியில் விற்கப்படும் பழைய மாடலுக்கு எஞ்சியுள்ள ஆயுள் குறைவாக இருக்கக்கூடும்.

அடுத்தது சிம் வசதி. யுபிஐ பதிவுக்கு, வங்கியில் பதிவான எண்ணின் சிம் அதே சாதனத்தில் இருத்தல் வேண்டும். படிப்பு, காணொலி, உறவினரோடு உரையாடல் ஆகியவற்றுக்கு வைஃபை மாடலே போதும். பணப் பரிமாற்றம் கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும், வட்டிக்கு ஈடான தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறதே தவிர, அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டி பொதுவாக நம்மையே சாரும். செயலாக்கக் கட்டணமும் இருக்கலாம். இவற்றையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிடுவது நலம்.

பழைய சாதனத்தைப் பிறருக்குக் கொடுக்கும் முன் வங்கிச் செயலிகளிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறி, கணக்குகளை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, மெமரி கார்டை எடுத்துவிட வேண்டும். கணக்கை நீக்காமல் கொடுத்தால், பெறுபவரால் அதைப் பயன்படுத்த இயலாமற்போகலாம். தரவுகளை அழிக்காமல் கொடுத்தாலோ, இழப்பு நமக்கே.