பட்டை கட்டிய சுவர்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் அப்போது வார விடுமுறை சனிக்கிழமைதான். காலை 11.56 மணிக்கு, கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் கிராமத்தை ஒட்டி 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இல்லை. அன்று நொறுங்கியவை ஆயிரக்கணக்கான வகுப்பறைகள். இறந்தவர்கள் சுமார் 9,000 பேர். வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சாவு எண்ணிக்கையை நிலநடுக்கத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. 2010 ஜனவரியில் ஹெய்டியில் 7.0, இறந்தவர்கள் லட்சத்தைத் தாண்டினர். அடுத்த மாதமே சிலியில் 8.8, வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 500 மடங்கு. அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர்தான். வித்தியாசம் பெரும்பாலும் கட்டடத்தில் இருந்தது.

நேபாள மலைக்கிராமத்து வீடு, கல்லை மண் சாந்தில் அடுக்கி எழுப்பியது. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல். குலுங்கினால் இரண்டு வரிசையும் பிரிந்து, வயிறு புடைத்ததுபோல் வெளியே தள்ளிச் சரியும். அழிந்த ஏறக்குறைய 5 லட்சம் வீடுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். மாற்று வழி பெரிய வித்தையில்லை: இரண்டு வரிசையையும் பிணைக்க இடையிடையே நீளமான குறுக்குக் கல்; ஜன்னலுக்குக் கீழே, மேலே, கூரையடியில் என்று வீட்டைச் சுற்றி மரத்திலோ கான்கிரீட்டிலோ பட்டை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எதற்கோ, அதே வேலைதான். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்பே பலப்படுத்தி வைத்திருந்த பள்ளிக் கட்டடங்கள் அன்று விழாமல் நின்றன.

மறுகட்டுமானத்துக்கான தேசிய ஆணையம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் செயல்படத் தொடங்கியது. அதற்குள் ஒரு மழைக்காலம் தகரக் கொட்டகையில் கழிந்து, குளிரும் வந்துவிட்டது. வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் உதவித்தொகை, மூன்று தவணையில். முதல் தவணையில் அஸ்திவாரம். பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த தவணை. கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் பழைய மண் சுவரே திரும்ப எழுந்திருக்கும் என்பதால், இந்தக் கெடுபிடி சரியென்றே எனக்குப் படுகிறது. சிக்கல் வேறிடத்தில். சுவர் எழுப்ப வேண்டிய இளைஞர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்களில் பெண்கள் பலர் கொத்து வேலை பழகினார்கள். சிமென்ட் மூட்டை மலையேறுவதற்குள் கூலியே விலையைத் தின்றது. நிலப்பத்திரம் இல்லாதவர்கள் உதவி பெறுவோர் பட்டியலில் பெயர் சேர்க்கவே அலைந்தார்கள்.

3 லட்சத்தில் முழு வீடு எழும்பாது. பலர் கடன் வாங்கினார்கள். இன்னும் பலர் விதிப்படி, பட்டையெல்லாம் வைத்து, ஒரே ஓர் அறை கட்டித் தவணையை முடித்துக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பமும் தானியமும் அதில் அடங்குமா? விரிசல் விட்ட பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்தவர்கள் உண்டு.