உங்களுக்குத் தெரியுமா? காட்டுத்தீக்கும் வரைபடம் உண்டு!

● அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தீயணைப்புத் துறையான ‘கால் ஃபயர்’, காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளை மூன்று நிறங்களில் குறித்திருக்கிறது. மஞ்சள் - மிதமான அபாயம். ஆரஞ்சு - அதிகம். சிவப்பு - மிக அதிகம்.

● 1991-ல் அம்மாநிலத்தின் ஓக்லாந்து மலைக் குடியிருப்புகளில் பரவிய தீ 25 உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டே, நகரப் பகுதிகளிலும் அபாய மண்டலங்களைக் கண்டறியச் சட்டம் வந்தது.

● செடிகொடிகளின் வகை, நிலத்தின் சரிவு, முன்பு தீப்பிடித்த வரலாறு, வறண்ட காற்றின் வேகம் எல்லாம் கணக்கில் வரும். காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு கூரை இடுக்கில் விழுந்தாலே வீடு பற்றிக்கொள்ளும். அதனால் கங்கு பறந்து விழும் வாய்ப்பையும் கணிக்கிறார்கள்.

● வரைபடம் காட்டுவது 30 முதல் 50 ஆண்டுகளுக்கான அபாயம். இந்த ஆண்டு புதர்களை வெட்டிவிட்டதால் மட்டும் நிறம் மாறிவிடாது.

● மாநிலப் பொறுப்பிலுள்ள பகுதிகளுக்கான புதிய வரைபடம் 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியானது. உள்ளாட்சிகள் அதை 30 நாட்களுக்குள் மக்கள் பார்வைக்கு வைத்து, 120 நாட்களுக்குள் ஏற்க வேண்டும். அபாய நிலையை உள்ளாட்சிகள் உயர்த்தலாம், குறைக்க முடியாது.

● சிவப்பு மண்டலத்தில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை, மனையின் எல்லைக்குள், காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றுவது கட்டாயம். வரைபடம் எச்சரிக்கும், வீட்டைக் காப்பது அங்கே வாழ்பவர்களின் கையில்தான் இருக்கிறது.