எலும்புக்கும் சிமென்ட்!

சிமென்ட் என்றால் எனக்குக் கொத்தனார்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால், எலும்புக்கே ஒரு சிமென்ட் இருக்கிறது!

1980-களில் அமெரிக்காவின் மேரிலாண்டில், பிரௌன், சௌ என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொத்தைப் பல்லைத் தேற்ற வழி தேடினார்கள். இருவகை கால்சியம் பாஸ்பேட் பொடிகளைத் தண்ணீரில் குழைத்தால்... அட, கெட்டியா இறுகிப்போச்சு! கிடைத்தது ஹைட்ராக்ஸிஅபடைட். நம்ம பல், எலும்பில் இருக்கிற அதே சமாசாரம்!

சூளையில் சுட்ட பீங்கான் துண்டை எலும்புப் பள்ளத்துக்கேற்ப செதுக்குவது பெரும்பாடு. இதையோ களிம்பு மாதிரி அப்பிவிடலாம். உடம்புச் சூட்டிலேயே இறுகிவிடும்.

மண்டையோட்டுக் குறைகளை அடைக்க 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரே சிக்கல், வளைத்தால் உடையும். பாரம் சுமக்கும் காலெலும்புக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

'மண்டையில என்ன களிமண்ணா?' என்று கேட்டால், சிலர் இனி தைரியமாகச் சொல்லலாம்: "இல்லீங்க, சிமென்ட்!"