வார்டு சராசரி மறைக்கும் தெருக்கள்

நகரத்தில் சாதிவழிக் குடியிருப்புப் பிரிவினையை எவ்வாறு அளப்பது? நெடுங்காலம் வார்டு வாரியான மக்கள்தொகையே அளவுகோலாக இருந்தது. நவீன் பாரதி, தீபக் மல்கான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெங்களூரு உள்ளிட்ட ஐந்து இந்தியப் பெருநகரங்களின் 2011 கணக்கெடுப்புத் தரவுகளை, சில நூறு பேர் வாழும் கணக்கெடுப்புத் தொகுதி அளவில் பகுத்தாய்ந்தனர். வார்டுகளுக்கு இடையிலான பிரிவினையைவிட, வார்டுக்குள் நிலவும் பிரிவினையே பொதுவாக மிகுதி எனத் தெரியவந்தது. ஏட்டில் கலந்து வாழ்வதாகத் தோன்றும் வார்டு, தரையில் ஊரும் சேரியுமாகப் பிரிந்திருக்கக்கூடும்.

இம்முறை தாம்பரத்துக்கும் தேவை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான இம்மாநகராட்சியில் 70 வார்டுகள் உள்ளன. 2022 தேர்தலில் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அது போராடிப் பெற்ற உரிமை. ஆயினும் குடிநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தெருத்தெருவாகவே போடப்படுகின்றன. ஒரு தெரு விடுபட்டாலும் வார்டு சராசரி அதைக் காட்டாது. சான்றின்றி நீதிமன்றத்தில் பாகுபாட்டை மெய்ப்பிப்பது கடினம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகும் என ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. தனிநபர் அடையாளங்களை நீக்கி, தொகுதி வாரியான எண்களை வெளியிடுமாறு கோருகிறோம். அதுவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தெருவாரியான பணி விவரங்களைப் பெற்று, மாணவர்கள் வரைபடமாக்கலாம்.