ஒரே கதை, இரண்டு பாட்டு

ஹோமரின் காவியங்கள் எழுத்தின் துணையின்றிப் பிறந்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியோடு ஹார்வர்டு பேராசிரியர் மில்மன் பாரி 1935-இல் அன்றைய யுகோஸ்லாவியாவில் ஊர் ஊராகப் போய்க் கதைப்பாடகர்களைப் பதிவு செய்தார். அலுமினியத் தட்டில் ஒலியைக் கீறிப் பதியும் கருவி அவரிடம் இருந்தது. ஒரு தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும். பாட்டு அறுபடாமல் இருக்க, இரண்டு தட்டுகள் மாறி மாறிச் சுழலும்படி அதைச் செய்வித்திருந்தார்.

மாண்டினீக்ரோவின் பியெலோ போலே ஊரில் அவருக்குக் கிடைத்தவர் அவ்தோ மெஜெதோவிச். கசாப்புத் தொழில் செய்தவர், அறுபது வயதை ஒட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். குதிரைமயிர் நரம்பு ஒன்றே கொண்ட குஸ்லே என்ற வாத்தியத்தை வில்லால் இழைத்தபடி பாடுவார். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்ட ஒரு திருமணக் கதை மட்டுமே 12,000 வரிகளைத் தாண்டியது.

இவ்வளவும் மனப்பாடமா? பாரி ஒரு சோதனை வைத்தார். அவ்தோ கேட்டிராத கதை ஒன்றை இன்னொரு பாடகர் அவர் முன்னாலேயே பாடினார். சுமார் 2,300 வரி. முடிந்ததும் அதையே பாடச் சொன்னார்கள். அவ்தோ பாடியது 6,300 வரிக்கு மேல்! கதை மாறவில்லை. வீரனின் கோலம், குதிரையின் அலங்காரம், நெஞ்சின் தவிப்பு எல்லாம் விரிந்திருந்தன.

இது எப்படி முடிகிறது? இந்தப் பாட்டுகளில் வரி ஒன்றுக்குப் பத்து அசை, நான்காவதன் பின் ஒரு நிறுத்தம். அந்த அளவில் அடங்கும் நூற்றுக்கணக்கான தொடர்கள் பாடகர் நாவில் இளமையிலேயே ஊறிவிடுகின்றன. சபை கூடுதல், ஓலை அனுப்புதல், போருக்குப் புறப்படுதல் என்று காட்சிகளுக்கும் வார்ப்புகள் உண்டு. கதையின் போக்கு நினைவில் நிற்க, வரிகள் பாடும்போதே பிறக்கின்றன. சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகவே பாடகர்கள் சொன்னார்கள். தட்டுகளில் வரிகள் மாறியே இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். கதை பிசகாமல் இருப்பதுதான் அவர்களுக்கு 'மாறாமை'.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே, 33 வயதில், பாரி இறந்துபோனார். மாணவர் ஆல்பர்ட் லார்ட் பணியைத் தொடர்ந்தார். ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் பாரியின் இதே பார்வையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார்.

நம் ஊர்களில் வில்லுப்பாட்டும் உடுக்கடிக் கதையும் பாடும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யப் போகிறவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அதே கதையை வேறோர் இரவில், வேறொரு கூட்டத்தின் முன் பாடும்போதும் பதிவு செய்யுங்கள்.